ஞாயிற்றுக்கிழமை நகராத மலை

மண் பொறியியல் படித்தவர்களோடு சம்பந்தம் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பது நல்லது. நாங்கள் எதையும் நம்ப மாட்டோம். ஒரு சுவர் பத்து டன் தாங்கினால் போதும் என்று கணக்கு சொன்னால், பதினைந்து டன் தாங்கும்படி கட்டச் சொல்வோம். அந்தக் கூடுதல் ஐந்து டன்னுக்குப் பாடப்புத்தகத்தில் பாதுகாப்புக் காரணி என்று கௌரவமான பெயர் உண்டு. உண்மையில் அது சந்தேகம்தான், எண் வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. எங்கள் பேராசிரியர் ஹோட்டலில் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார்.

அப்பேர்ப்பட்ட படிப்பைப் படித்துவிட்டு, சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளை விட்டுவிட்டு, மற்ற எல்லோரையும் சந்தேகப்பட்டு, கடைசியில் ஆளே கிடைக்காமல் ஒரு மலையைச் சந்தேகப்பட்டவள் நான்.

எங்கள் வீடு அப்போது கூடலூருக்கு அந்தப் பக்கம், சேரங்கோட்டு வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைனில் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே எட்டு வீடு. அதில் மூன்றாவது எங்களுடையது. அப்பா நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா பாக்கியம் கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். ஏழு வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள். இன்றைக்கும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வாள். அதிகாரிகள் யாராவது சிரித்துப் பேசினால், 'எதுக்கு சிரிக்கிறான்?' என்று இரண்டு நாள் யோசிப்பாள்.

நான் பி.இ. சிவில் முடித்தபோதே லைனில் சந்தேகம் கிளம்பிவிட்டது. ஐந்தாம் வீட்டு சிவனு மாமா (தொழிற்சங்கத்து ஆள், எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடாதவர்) கட்டடம் கட்டத்தான் கொத்தனார் இருக்கிறாரே, இந்தப் பெண் எதற்கு என்று கேட்டார். நான் எம்.இ. சேர்ந்ததும் சந்தேகம் முற்றிவிட்டது. படிப்பு முடிந்தது என்றார்கள், மறுபடியும் அதையே படிக்கப் போகிறாள் என்றால் முதல் தடவை பெயிலா என்று அம்மாவிடமே விசாரித்தார். அம்மா சாயங்காலம் வந்து என் பி.இ. சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கட்டடத்தைக் கைவிட்டு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டார்கள். ஒருவன் துபாயில் பாலம் கட்டுகிறான். இரண்டு பேர் அரசுப் பொறியாளர் தேர்வுக்கு நூலகத்தில் உட்கார்ந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. மண் பிரிவை எடுத்த எங்களுக்கு வழிகள் இன்னும் குறைவு. கல்லூரியில் பாடம் நடத்தலாம், தேர்வுக்குக் காத்திருக்கலாம். இல்லாவிட்டால் தடுப்புச்சுவர், அடித்தளம், சுரங்கப்பாதை போன்றவற்றுக்கு மண்ணைச் சோதித்துச் சொல்லும் ஆலோசனை நிறுவனம் எதிலாவது ஒட்டிக்கொள்ளலாம். மூன்றாவதில் எனக்கு ஓர் இடம் கனிந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூரில் மலைச்சாலைச் சுவர்கள் வடிவமைக்கும் ஒரு நிறுவனம். அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த வசந்தா மேடம், மார்க் எனக்கு வேண்டாம், களத்தில் என்ன செய்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று எங்கள் பேராசிரியரிடம் சொல்லியிருந்தார். ஒரே ஒரு இடம்தான்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்களுக்கு வேறு வீடு கிடையாது, ஊர் என்று திரும்பிப் போகவும் ஓர் இடம் கிடையாது. அடுத்த கூரை என் சம்பளத்தில்தான் வர வேண்டும்.

அதனால் ஆராய்ச்சிக்கு எங்கள் லைனுக்குக் கீழே இருந்த தேயிலைச் சரிவையே எடுத்துக்கொண்டேன். லைன் மேலே மேட்டில் இருக்கிறது. சரிவு இறங்கினால் எட்டு வீடும் கூடவே இறங்கும். மழைக்காலத்தில் அது நகர்கிறதா இல்லையா என்று அளந்து சொல்வதுதான் என் வேலை. முறை மிகவும் சுலபம். சரிவின் இரண்டு பக்கமும் அசையாத பாறை ஒவ்வொன்று இருந்தது. இரண்டிலும் பெயின்டில் புள்ளி வைத்து, நடுவே நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கு நேராகப் பன்னிரண்டு சில்வர் ஓக் மரக் குச்சிகளை அடித்தேன். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று தலையில் சிவப்பு பெயின்ட். தினமும் காலையில் நூலைக் கட்டி, ஒவ்வொரு குச்சியும் நூலைவிட்டு எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று டேப்பால் அளக்க வேண்டும். மலை நின்றால் குச்சி நிற்கும். மலை நடந்தால் குச்சி நடக்கும்.

ஜூலைக் கடைசியில், நல்ல மழையில் ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே எல்லாக் குச்சியும் நடந்திருந்தது. நூலைவிட்டு நாலு சென்டிமீட்டர் கீழே. மூன்றாம் நாள் எட்டு. நான்காம் நாள் பன்னிரண்டு.

மலையை எடுத்த எடுப்பில் சந்தேகப்படும் அளவுக்கு நான் பேதையில்லை. முதலில் பன்றியைச் சந்தேகப்பட்டேன். குச்சிகளைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளைத் தூவி வைத்தேன், குளம்புத் தடம் விழும் என்று. மழை பத்தே நிமிஷத்தில் தடயத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கழுவிவிட்டது. பிறகு என் செல்போனை ஒரு மரத்தில் கட்டி வீடியோ ஓடவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு அதில் இடம் தீர்ந்துவிட்டது. அதுவரை பதிவானது பனிமூட்டமும் ஒரு அட்டையும்தான். நானே செடி மறைவில் உட்கார்ந்து காவல் காத்தேன். காலிலிருந்து பதினோரு அட்டைகளைப் பிடுங்கிப் போட்டேன், திருடன் வரவில்லை.

அடுத்த சந்தேகம் சிவனு மாமா மேல். அவர்தான் குச்சிகளை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார். மூன்று நாள் அவர் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து போனேன். மூன்றாம் நாள் அவர் பைப் தொட்டிக்குப் பின்னால் திரும்பி நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கையில் பீடி இருந்தது. மார்வலிக்காக பீடியை விட்டுவிட்டதாக வீட்டில் சத்தியம் செய்திருந்தாராம். அத்தைதான் என்னை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறாள் என்று அவர் மூன்று நாளாகத் தூங்கவில்லை.

இந்தச் சந்தேகங்கள் ஒவ்வொன்றையும் நான் தினமும் சாயங்காலம் அம்மாவிடம் விவரமாகச் சொல்லிவந்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவளும் அடுப்பருகே உட்கார்ந்து அக்கறையாகக் கேட்டாள். பன்றியாகத்தான் இருக்கும் என்று முதல் வாரம் சொன்னாள். பன்றி இல்லை என்று நான் நிரூபித்ததும், முள்ளம்பன்றியாக இருக்கலாமே என்றாள். நான் சாயங்காலமும் காவலுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நாள் பூரா மலையில நின்னுட்டு வாரேன். நான் வந்து சேரையில ஒரு வாய் தேத்தண்ணி ஊத்தி வைக்கக்கூட ஒனக்கு மனசில்லையா, புள்ள?" என்றாள். எனக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. அன்றிலிருந்து தினம் நாலு மணிக்கு வீட்டில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். (எம்.இ. இரண்டாம் ஆண்டு. வகுப்பில் முதல் மாணவி.)

மனிதரும் மிருகமும் தீர்ந்ததும் மிச்சம் இருந்தது மலை மட்டும்தான். மூன்று வாரத்துக் கணக்கைக் கோடு போட்டு வரைந்து பார்த்தேன். மலை ஒழுங்காக, தினமும் நாலு சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கவில்லை. மூன்று வாரமும் திங்கள் காலை அளந்தபோது ஞாயிறு காலை நின்ற இடத்திலேயே குச்சி நின்றிருந்தது. ஆகஸ்ட் பதினைந்து விடுமுறையன்றும் மலை அசையவில்லை.

சாதாரண அறிவுள்ள ஒருவர் இந்த இடத்தில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி யோசித்திருப்பார். நான் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்ததால் உடனே ஒரு கோட்பாட்டைக் கண்டுபிடித்தேன். வேலை நாளில் என்ன நடக்கிறது, விடுமுறையில் என்ன நடப்பதில்லை? கொழுந்து லாரி. சரிவுக்குக் கீழேயுள்ள சாலையில் அது தினம் நாலு தடவை போய்வருகிறது. ஈரமான மண், அதில் லாரியின் அதிர்வு. ஞாயிற்றுக்கிழமை லாரி இல்லை, அதனால் மலைக்கும் ஓய்வு. ஏழாம் குச்சி மட்டும் மற்றவற்றைவிடத் தினம் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கியதைக்கூட நான் விடவில்லை. அதற்கு அடியில் ஒரு ஊற்று இருக்கிறது என்று எழுதி, படத்தில் நீல அம்புக்குறியும் போட்டேன்.

பேராசிரியருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். 

"ஞாயித்துக்கெளம நவுரலீங்களா?" என்றார்.

"இல்லைங்க சார்."

"ஆகஸ்ட் பதினஞ்சுக்கும்?"

"இல்லைங்க சார்."

 பிறகு, "நான் நேர்ல வர்றனுங்ம்மா" என்று வைத்துவிட்டார். பெருமையில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வசந்தா மேடத்துக்குக் கூடலூரில் ஒரு சாலைச் சுவரைப் பார்க்கும் வேலை இருக்கிறது, அவரையும் கூட்டிவருகிறேன் என்று மாலையில் செய்தி அனுப்பினார். என் நேர்முகத் தேர்வு என் சொந்தச் சரிவிலேயே நடக்கப்போகிறது என்று அம்மாவிடம் சொல்லவில்லை. வேலை கையில் வந்ததும் சொல்லி அவளை அசத்தலாம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரைக்கு இருவரும் வந்தார்கள். லைன் சாலை சேறாக இருந்ததால் ஜீப்பை பாக்டரி பக்கமே விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். அம்மாவும் மற்ற பெண்களும் அன்றைக்கு அடுத்த மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வசந்தா மேடம் ஐம்பது வயதுக்காரர், ரப்பர் பூட்ஸ், கையில் குடை. என் நோட்டை வாங்கி அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்ல கையெழுத்து என்றார். பிறகு நாலாம் குச்சிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"ஏங் கண்ணு, மொத நாள் இந்தக் குச்சி எங்கிருந்துச்சு?"

பக்கத்தில் இருந்த தேயிலைச் செடியின் தூரை ஒட்டி என்றேன். இப்போது செடிக்கும் குச்சிக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கலாம்.

"அப்ப செடி நவுரலயா? குச்சி மட்டும் எப்புடி நவுந்துச்சு?"

நான்கு வாரமாகத் தினமும் அந்தச் செடியைத் தாண்டித்தான் நான் டேப்பைப் பிடித்திருக்கிறேன். அதை நான் பார்த்ததே இல்லை. குச்சியைப் பார்த்தேன், நூலைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தேயிலைச் செடி கண்ணில் படவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? தேயிலையின் ஆணிவேர் ஆழமாகப் போவதால் மேல்மண் மட்டும் செடியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போகிறது என்று விளக்கினேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கோட்பாட்டைக் கண்ணெதிரே நிரூபித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. கீழ்ச் சாலையில் லாரி நின்றிருந்தது. ஓட்டுநர் ஷாஜி சேட்டனிடம் கெஞ்சினேன். சரிவுக்குக் கீழே நாலு தடவை போய்வர வேண்டும், கொஞ்சம் வேகமாக, பள்ளத்தில் இறக்கி ஏற்றி. "எந்தா மோளே, ஒனக்கு வட்டா?" என்று பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக் கேட்டாலும் மனுஷன் செய்தார். பள்ளத்தில் இறங்கி ஏறியதில் லாரிக்குள்ளே இருந்த கொழுந்து மூட்டை ஒன்று உருண்டு சாலையில் விழுந்தது. நாங்கள் மூவரும் குச்சிகளைக் கண்கொட்டாமல் பார்த்தோம். பன்னிரண்டும் ராணுவ வீரர்களைப்போல நின்றன.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சரிவின் ஓரத்தில் பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று பூட்டிக் கிடந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. நானே அதில் வளர்ந்தவள்தான். அதன் வராந்தாவில் ஒதுங்கினோம். மணி நாலாகப் போகிறதே, வீட்டில் தண்ணீர் வைக்க வேண்டுமே என்று எனக்கு வேறு கவலை. ஓடிப்போய் எல்லோருக்கும் டீ போட்டு வருகிறேன் என்றேன். மேடம் என்னைப் பார்த்து, தினமும் இந்த நேரத்துக்கு எங்கே இருப்பாய் என்று கேட்டார். வீட்டில்தான், அம்மாவுக்கு டீ போடுவேன் என்றேன். "அப்ப இன்னிக்குப் போவாண்டாம், இரு" என்றார். அவர் குரலில் ஏதோ இருந்தது.

மழை சற்று ஓய்ந்து பனி விலகியது. கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் கீழிருந்து ஏறி வந்தார்கள். தலையில் மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் கொங்காணி, ஏழு பேர், வரிசையாக. முதலில் வந்தவள் என் அம்மா.

ஒன்றாம் குச்சியருகே நின்றாள். இடமும் வலமும் பார்த்தாள். எங்கள் பக்கம் மறைப்பாக ஒரு வாதா மரம் இருந்தது. குனிந்து, குச்சிக்குக் கீழ்ப்பக்கம் மண்ணில் இரண்டு விரலைச் சேர்த்து வைத்தாள். விரல் முடிந்த இடத்தில் நகத்தால் கீறினாள். குச்சியைப் பிடுங்கி, கீறிய இடத்தில் ஊன்றி, ஒரு கல்லால் இரண்டு தட்டு தட்டினாள். பழைய குழியை மூடிக் காலால் மிதித்துவிட்டாள். எல்லாம் கொழுந்து கிள்ளும் வேகத்தில் முடிந்தது. அவள் அடுத்த குச்சிக்கு நகர, பின்னால் வந்தவர்களும் ஆளுக்கு ஒன்றிரண்டாகக் குனிந்தார்கள். அரட்டை நிற்கவேயில்லை. யாருடைய மருமகளைப் பற்றியோ பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஏழாம் குச்சி செல்லம்மாக்கா பங்கு. செல்லம்மாக்காவின் விரல்கள் தடிமனானவை. என்னுடைய ஊற்று அதுதான்.

பேராசிரியர் வாய்க்குள் பன்னிரண்டு வரை எண்ணி முடித்துவிட்டு, "இது எந்த வகைச் சரிவுங்ம்மா? புத்தகத்துல இல்லீங்களே" என்றார்.

 வேலை போயிற்று, படிப்பு போயிற்று, கூரையும் போயிற்று. கொட்டுகிற கண்ணீரோடு சரிவில் இறங்கி ஓடினேன்.

"அம்மா, என்ன செய்யுற?"

அவள் அசரவில்லை. "பன்னி புடுங்கிப் போட்டுருந்துச்சு. நட்டு வைக்கிறேன்" என்றாள். கையில் கல் இருந்தது. பிறகு எனக்குப் பின்னால் குடையோடு வந்துகொண்டிருந்த வசந்தா மேடத்தைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"யாரு நீங்க? எந்த ஆபீசு? இந்தப் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாது. எதுன்னாலும் எங்கிட்டக் கேளுங்க."

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. தோட்டத்தின் சில பகுதிகளைக் காட்டுக்கே திருப்பிவிடப் போகிறார்கள் என்று அந்த வருஷம் ஒரு பேச்சு அடிபட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் நான் லைனுக்குக் கீழே சிவப்புத் தலைக் குச்சிகளை வரிசையாக அடித்திருக்கிறேன். அதுதான் எல்லைக்கோடு, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் காட்டுக்குப் போகிறது, கோடு இன்னும் நெருங்கினால் அடுத்தது வீடுதான் என்று எட்டு வீடும் முடிவு செய்துவிட்டது. பிடுங்கி எறிந்தால் மறுபடி வந்து அடிப்பார்கள். ஒரே நாளில் தள்ளி வைத்தால் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு விரல் கீழே தள்ளினால் யாருக்கும் தெரியாது என்று வழி சொன்னது அம்மா. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாததால் அந்தப் பக்கம் வருவதில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"சிலோன்ல எங்க தோட்டத்துலயும் மொதல்ல குச்சிதான் நட்டாங்க. நட்டது எங்க மாமன் மவன்தான். கொடுத்தாங்க, நட்டான். எதுக்குன்னு அவனுக்குத் தெரியாது. அப்புறம் பேர எழுதுனாங்க. அப்புறம் கப்பல்ல ஏத்துனாங்க, அவனையுஞ் சேத்து." சற்று நிறுத்தி என் முகத்தைத் துடைத்தாள். "ஒன்ன நான் சந்தேகப்படல, புள்ள. ஒன்ன அனுப்புனவங்களத்தான். ஒங்கிட்டச் சொன்னா, படிச்ச புள்ள, அவங்க சொல்றத நம்பிருவ."

எனக்கு அவள்மேல் பொங்கிவந்த கோபம் அந்த இடத்தில் நின்றுபோனது. நான் அந்த வீடு சரிந்துவிடக் கூடாது என்று குச்சி நட்டேன். அவள் அந்த வீடு போய்விடக் கூடாது என்று குச்சியை நகர்த்தினாள். இருவரும் ஒரே அடுப்பருகே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே இதைச் செய்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

வசந்தா மேடம் என் நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "கண்ணு, உன்ற அளவுல ஒரு தப்புமில்ல. ரெண்டு விரலை மில்லிமீட்டர் சுத்தமா அளந்திருக்கற. ஆனா நீ அளந்தது மலையை இல்ல, உங்கம்மாவை" என்றார். வேலை பற்றியும் அவரே சொன்னார், இந்த வருஷத்து இடம் வேறு ஒருவருக்குப் போகும், மலையை அளந்துவிட்டு வா, அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அம்மா அவர்களைச் சும்மா விடவில்லை. இந்தக் குச்சி வீட்டை எடுப்பதற்கு அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வழியை மறித்து நின்றாள். பேராசிரியர் என் வரைபடத்தின் பின்பக்கமே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிவனு மாமா வரவழைக்கப்பட்டார். இரண்டு தடவை படித்துவிட்டு, தேதி இல்லை, போன் நம்பர் இல்லை, "வீடு" என்பது ஒருமையில் இருக்கிறது, எட்டு வீடு என்று போடவேண்டும் என்று மூன்று திருத்தம் சொன்னார். என் ஆராய்ச்சிக் கட்டுரையில் பேராசிரியர்கூட அவ்வளவு திருத்தம் போட்டதில்லை.

ஒரு பருவம் பிந்தி, மறுபடி முதலிலிருந்து அளந்தேன். இம்முறை அந்த ஏழு பெண்களும் காவல். பன்றி, பக்கத்து லைன் ஆடு, யாரும் குச்சி பக்கம் வர முடியாது. ஒரு நாள் நானே கால் இடறி ஏழாம் குச்சியில் மோதியதற்குச் செல்லம்மாக்கா என்னை ஏசினாள். பத்து வாரம் மலை ஒரு மயிரிழைகூட நகரவில்லை. எம்.இ. பட்டத்துக்கு நான் கண்டுபிடித்த ஒரே உண்மை, ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் முதல் கேள்வியாக, "உங்க அம்மா இப்ப என்ன பண்றாங்க?" என்றார். அந்தக் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த வருஷம் வசந்தா மேடம் சொன்னபடியே வேலைக்கு எடுத்துக்கொண்டார். அம்மா ஓய்வு பெற்றாள். கூடலூரில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் இன்றைக்கும் சிவனு மாமாவுக்குப் போன் போகிறது. லைனில் யாராவது கொஞ்சமாகப் பொய் சொன்னால், "ரெண்டு விரல் தள்ளுறா" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அலுவலகத்திலும் நான் தப்பவில்லை. களத்துக்குப் போகும்போது நான் நிரப்பும் தாளில் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தனிக் கட்டம் போட்டு அச்சடித்துவிட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் காரணம் கேட்டால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

போன மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு மேலே குச்சி நட்டிருந்தோம். நடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி எதற்கு என்று சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் அளந்துவிட்டு ஊருக்கு வந்தவள், திங்கட்கிழமை காலை போய் மறுபடி அளந்தேன். குச்சிகள் நகர்ந்திருந்தன, இரண்டு விரல் அகலம்கூட இல்லை. உடனே மனம் ஆளைத்தான் தேடியது. யார் வந்திருப்பார்கள், எந்த வீட்டுக்காரி என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது, சாப்பிட்டாயா என்று கேட்க. குச்சி நகர்ந்திருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் வழக்கமான கிண்டலை எதிர்பார்த்தேன்.

"பக்கத்துச் செடி?" என்றாள்.

பார்த்தேன். செடியும் குச்சியும் நட்ட அன்றிருந்த அதே இடைவெளியில் இருந்தன. இரண்டும் சேர்ந்தே இறங்கியிருந்தன.

"நேத்து ஞாயித்துக்கெழம. எந்தப் பொம்பளையும் மலைக்கு வந்திருக்க மாட்டா" என்றாள் அம்மா. சிரிக்கவில்லை. "குச்சிய விடு, புள்ள. ஓடிப்போயி அந்த ஊட்டு ஆளுங்கள வெளியில வரச் சொல்லு."

ஓடினேன்.